கராம்பு மணக்கும் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

காலை ஆறரை மணிச் செய்தியில் வெயிலையும் யுத்தத்தையும் ஒரே குரலில்தான் வாசித்தார்கள்.

மாத்தளையிலும் சுற்றுப்புறங்களிலும் இன்றும் வெப்பம் எச்சரிக்கை மட்டத்தில் இருக்கும், வெளியில் வேலை செய்வோர் அடிக்கடி நீர் அருந்த வேண்டும் என்றார் அறிவிப்பாளர். அதே மூச்சில், வளைகுடாவில் நான்காவது நாளாகவும் விமானங்கள் பறக்கவில்லை என்றார். ஒரு நாடு மற்றதைப் பார்த்து, 'நீ எதையோ ஒளித்து வைத்திருக்கிறாய்' என்கிறதாம். மற்றது, 'முதலில் உன் வீட்டைத் திறந்து காட்டு' என்கிறதாம். நடுவில் ஏவுகணைகள்.

அப்துல் ஸமத் ஹாஜியார் ரேடியோவை நிறுத்தினார். சமையலறையில் பாத்திரச் சத்தமும் உடனே நின்றது. மருமகள் நுஸ்ரா அங்கிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா நிப்பாட்டினீங்க?"

"பெட்டரி முடியப் போகுது மகள்."

அந்த பெட்டரி முந்தாநாள் போட்டது. கடைக்குப் போய் வாங்கி வந்தவளே நுஸ்ராதான். டீவிக்கு டிஷ் வயர் இல்லாமல் போன அன்றும் இப்படித்தான். சூட்டில் வயர் உருகிவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றார். எந்தக் கடையில் என்று கேட்டபோது தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இந்தக் குடும்பத்தோடு பத்து வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு அந்த வீட்டின் இரண்டு கவலைகளும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

ஹாஜியாரின் ஒரே மகன் றினோஸ் வளைகுடாவில் ஒரு கம்பனியில் டிரைவர். கலியாணம் முடிந்து எட்டாம் மாதம் விமானம் ஏறியவன். கடைசியாக அவன் பேசியது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை நுஸ்ராவின் ஃபோன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. மாமியார் ஸரீனாவின் ஃபோனில் எடுத்துப் பார்த்தால் அவன் நம்பர் சுவிட்ச் ஓஃப். இன்று வியாழக்கிழமை.

மற்றது கராம்பு. மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் ஹாஜியாரின் கராம்பு ஸ்டோர் என்றால் கொழும்பு வரைக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரைச் சென்ற வாரம் அவருடைய மனைவி ஸரீனாவின் அண்ணன் மகன் ஸுஹைலே உலுக்கிவிட்டான். கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்கு வாசனைத் திரவியம் அனுப்புகிறவன் அவன். "மாமா, நீங்க அனுப்பின கராம்பு ஈரம். மழ இல்லாத மாசத்துல கராம்பு எப்பிடி நனையும்? யாரோ தண்ணி வச்சிருக்காங்க," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். அடுத்த சாக்குகளைப் பார்க்க இன்று பின்னேரம் நாலு மணிக்கு அவனே நேரில் வருகிறான்.

தண்ணீர் வைப்பது என்றால் என்னவென்று கராம்பு வாங்கி விற்கிறவர்களுக்குத் தெரியும். சாக்குகளுக்கு நடுவில் ஒரு பானைத் தண்ணீரை வைத்துக் கதவைப் பூட்டினால் போதும். கையால் ஒரு துளி தெளிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த கராம்பு காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானாகவே குடித்து நிறை ஏறும். முப்பது வருடத்தில் ஹாஜியார் அந்த வேலையைச் செய்ததில்லை. செய்கிறவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததும் இல்லை.

நுஸ்ரா ஃபோன் திருத்துகிற கடைக்கென்று டவுனுக்குப் பஸ் ஏறிய பிறகு, அவர் ஸ்டோரைத் திறந்தார்.

தடித்த மண்சுவர், ஜன்னல் இல்லாத அறை. வெளியே காலையிலேயே தார் ரோடு கொதித்தது. உள்ளே மட்டும் ஒரு குளிர்மை. மேல் சாக்கில் கை விட்டு ஒரு கராம்பை எடுத்து விரலால் முறித்தார். டக்கென்று உடைய வேண்டியது வளைந்தது. மறு மூலையில் எடுத்தார். அது உடைந்தது. பின்வரிசையில் எடுத்தார். வளைந்தது.

பின்வரிசைச் சாக்குகளை இழுத்துப் பார்த்தார். சீமெந்துத் தரையில் வட்டமாக ஓர் ஈர அடையாளம், ஒரு பானையின் அடி அளவுக்கு. இன்னும் முழுதாகக் காயவில்லை.

"இஞ்ச வாங்க," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

ஸரீனா வந்து குனிந்து பார்த்தாள். "யா அல்லாஹ்! வீட்டுக்குள்ளயே கள்ளனா?"

"ஸ்டோர்ப் பூட்டுக்குத் தெறப்பு ரெண்டுதான். ஒண்டு என் இடுப்புல. மத்தது குசினி ஆணியில."

"குசினித் தெறப்ப எடுத்து ஸ்டோரத் தெறந்து கூட்டுறது யாரு? வேலம்மாதானே," என்றாள் ஸரீனா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத நான் உங்களுக்குச் செல்லாம இருந்தேன். போன கெழம அவ பஸ்ஸுல வரல்ல. டவுன் கராம்புக்காரன்ட லொறியில வந்து எறங்கினா. என் கண்ணால பாத்தேன்."

அந்த டவுன் வியாபாரி ஹாஜியாரின் பெயர் கெட்டால் சந்தோஷப்படக்கூடியவர். இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல அவர் மனதில் எல்லாம் பொருந்தியது. சந்தேகம் எப்போதும் அப்படித்தான் சுலபமாகப் பொருந்திக்கொள்ளும். உண்மைக்குத்தான் நேரம் எடுக்கும்.

வேலம்மா இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். பதினொரு வருடமாக இங்கே கராம்பைத் தரம் பிரித்துக் காம்பு நீக்குகிறாள். முற்றத்தில் தறப்பாள் கட்டிய கொட்டகையில் இன்னும் இரண்டு பெண்களோடு சுளகும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"வேலம்மா, இஞ்ச வாங்க."

"என்னங்க மொதலாளி?"

"ஸ்டோருக்குள்ள தண்ணி வச்சது யாரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். தரை வட்டத்தைக் கண்டதும் முகம் வெளுத்தது. கராம்போடு பதினொரு வருடம் இருந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? ஆனால் அந்த வெளுப்பே ஹாஜியாருக்குச் சாட்சியாகப் பட்டது.

"எனக்குத் தெரியாதுங்க. கூட்டுறப்ப சாக்குக்குப் பின்னால நான் போறதில்லீங்களே."

"போன கெழம லொறியில வந்து எறங்கினீங்களாம்?"

"பஸ் வரலீங்க. டீசல் இல்லன்னு காலை ட்ரிப்ப வெட்டிட்டாங்க. சந்தியில வெயில்ல நின்னேன். அந்த டிரைவர் தம்பி பாவம் பார்த்து ஏத்திக்கிட்டு வந்துச்சு."

"யார்ட லொறி எண்டு தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுதானா ஏறின?"

பதினொரு வருடத்தில் அவர் அவளை ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை. கொட்டகையில் மற்ற இருவரின் சுளகும் நின்றுவிட்டது.

வேலம்மா எதையோ சொல்ல வாய் திறந்தாள். வீட்டுப் பக்கம் பார்த்தாள். வாசலில் நின்ற ஸரீனாவைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அதையும் ஹாஜியார் கவனித்தார். எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு சரிதான். ஆனால் யாருக்காக மறைக்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை.

"நான் வரேங்க மொதலாளி," என்றாள். பையை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போனாள்.

'போ' என்று நான் சொல்லவில்லையே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு தடவை அல்ல, மதிய ளுஹர் தொழுகை வரைக்கும் பல தடவை.

---

ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வரும்போது அவருக்குத் தலை சுற்றியது.

நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது. ரோட்டோர நாய்கூடக் காய்ந்த சாக்கடைக் கானுக்குள் இறங்கிப் படுத்திருந்தது. பஸ் தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கைக் கையால் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஐயோ ஹாஜியார், மூஞ்சி செவந்து போய் இருக்கே!" தன் த்ரீவீலர் ஆட்டோவிலிருந்து ஓடி வந்தான் டிரைவர் டிலக்சன். "இந்த நேரத்துல யாருங்க தொப்பிய மட்டும் நம்பி நடக்கிறது? குடை இல்லீங்களா?"

"பள்ளியில வச்சிட்டு வந்துட்டேன்."

"இருங்க, தண்ணி தாரேன்."

தரிப்பிடத்தின் மூலையில் மணல் பரப்பி ஒரு மண்பானை வைத்திருந்தது. மேலே ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர். இரண்டு வாரமாக அது அங்கே இருப்பதை ஹாஜியாரும் பார்த்திருக்கிறார். யார் வைத்தது என்று கேட்கத் தோன்றியதில்லை.

டிலக்சன் மொண்டு கொடுத்தான். "ஐஸ் மாதிரி இருக்கும் குடிங்க. எந்தப் புண்ணியவான் வைக்கிறானோ. நான் பள்ளி ஆளுங்கன்னு நெனச்சேன். பள்ளியில கேட்டா விகாரை ஆளுங்கன்னாங்க. விகாரை பிக்கு ஹாமுதுரு நேத்து வந்து குடிச்சிட்டு, 'நீதானேப்பா வைக்கிற'ன்னு என்னயக் கேக்குறாரு!"

ஹாஜியார் பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார்.

இரண்டாவது மிடறில் கை நின்றது.

தண்ணீர் குளிர்ந்திருந்தது, அது மட்டுமல்ல. தொண்டைக்குள் இறங்கும்போது ஒரு மணம் எழுந்தது. அந்த மணத்தைத் தூக்கத்தில்கூட அவர் அடையாளம் சொல்லிவிடுவார்.

"ஆ, அதான் ஹாஜியார்," என்றான் டிலக்சன். "கராம்பு போட்ட தண்ணி. எப்பவும் அந்த வாசம்தான். ஒருத்தர் மருந்துன்னு நெனச்சி போத்தல்ல புடிச்சிட்டுப் போனாரு."

ஹாஜியார் எழுந்து பானைக்குள் குனிந்து பார்த்தார். ஒரு கராம்புகூட இல்லை. கராம்புக்கு நடுவில் இரவெல்லாம் இருந்த தண்ணீர் அது. கராம்பு தண்ணீரின் ஈரத்தைக் குடித்திருக்கிறது, தண்ணீர் கராம்பின் மணத்தைக் குடித்திருக்கிறது.

பானையின் அடியைப் பார்த்தார். காலையில் தரையில் கண்ட அதே அளவு.

கெட்டது ஒன்று நடந்தால் யார் செய்தது என்று நாம் வீடு வீடாகத் தேடுகிறோம். நல்லது ஒன்று இரண்டு வாரமாக ரோட்டோரத்தில் இருந்தது. அதை யாரும் துப்பறியவில்லை.

அப்போது டவுன் பஸ் வந்து நின்றது. இன்னும் திருந்தாத ஃபோனைக் கையில் பிடித்தபடி முன்கதவால் நுஸ்ரா இறங்கினாள். மாமா பானைக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் படியருகிலேயே நின்றுவிட்டாள்.

டிலக்சன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் வாகனத்தைத் துடைக்கப் போனான்.

"மகள், இது எங்கட வீட்டுப் பானயா?"

அவள் தலையைக் குனிந்தாள். "என்ட பங்குத் தண்ணிதான் மாமா. கெணறு வத்தினதுக்குப் பொறகு மாமி அளந்து தாற மூணு வாளியில ஒண்டு. நான் குளிக்கிறதக் கொறச்சிட்டேன். வேற யார்ட தண்ணியையும் எடுக்கல்ல."

"ராவையில எங்க வைக்கிற?"

"ஸ்டோர்ல. அதுதானே வீட்டுல குளிர்மையான எடம். விடியக் காலையில நீங்க சுபஹு தொழப் பள்ளிக்குப் போனதும் எடுத்திட்டு வந்து வச்சிருவேன்."

"ஏன் ஒருத்தருக்கும் செல்லல்ல?"

"ஸதகாவ, தர்மத்த, ஒளிச்சுக் குடுத்தா நல்லம் எண்டு குர்ஆன் ஓதப் போற காலத்துல செல்லித் தந்தாங்க." அவள் குரல் உடைந்தது. "சண்ட தொடங்கின அண்டு நிய்யத் வச்சேன் மாமா. இஞ்ச வெயில்ல போற ஒருத்தருக்கு நான் தண்ணி குடுத்தா, அங்க அவருக்கும் யாராச்சும் ஒரு மொடக்குக் குடுப்பாங்க எண்டு. அவ்வளவுதான்."

ஹாஜியார் வாங்கில் மறுபடியும் உட்கார்ந்தார். கோபப்படுவதற்கு ஒரு வழி இருந்தால் நல்லது என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"கராம்பு தண்ணி குடிக்கும் மகள்," என்றார் மெதுவாக.

"என்னா?"

"பக்கத்துல தண்ணி இருந்தா ஈரத்த இழுக்கும். அதால நிறை கூடும். கள்ள வேல செய்றவங்க அப்பிடித்தான் செய்வாங்க. ஸுஹைல் சென்னது அதத்தான்."

நுஸ்ரா புத்தளத்துப் பெண். உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். கராம்பு மரத்தையே கலியாணம் முடித்து வந்த பிறகுதான் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "உப்பு எண்டா தண்ணி இழுக்கும், தெரியும். உப்புக்குக் கிட்ட வச்சிருக்க மாட்டேனே. இது காஞ்ச ஆணி மாதிரிக் கெடந்திச்சு மாமா. ஆணி தண்ணி குடிக்கும் எண்டு யாரு நெனப்பா?"

பிறகு அவள் நிமிர்ந்தாள்.

"வேலம்மா அக்கா எங்க? டவுன் ஸ்டேண்டுல ரத்தோட்ட பஸ்ஸுல அவங்க மாதிரி ஒருத்தர் இருந்தாங்க. இந்த நேரத்துல அவங்க இருக்க மாட்டாங்க எண்டு நெனச்சேன்."

ஹாஜியார் ரோட்டைப் பார்த்தார்.

"போகச் சென்னீங்களா?"

"செல்லல்ல."

"அப்ப?"

"கேட்டேன்."

அந்த ஒரு சொல்லில் நுஸ்ராவுக்கு எல்லாம் விளங்கியது. அழுகையைத் துடைத்துக்கொண்டு மாமனாரை நேராகப் பார்த்தாள். "நான் பானய ஒளிச்சேன். தப்புத்தான். நீங்களும் எதையோ ஒளிக்கிறீங்க மாமா. ஃபோன் வந்தா வெளிய போறீங்க. பெட்டரி முடியாம முடியுது. வயர் உருகாம உருகுது."

"வெயில் மகள். வா, வீட்ட போவோம்," என்றார் ஹாஜியார். மருமகளை முந்திக்கொண்டு நடந்தார்.

---

"இப்பவா?" என்றாள் ஸரீனா. கதை முழுவதையும் கேட்டு நெஞ்சில் கை வைத்திருந்தவள், கணவர் சேர்ட் மாற்றுவதைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "நாலு மணிக்கு ஸுஹைல் வாறான். இப்ப நீங்க ரத்தோட்டைக்குப் போனா, ஓடி ஒளிச்சிட்டீங்க எண்டுதான் நெனப்பான். முப்பது வருஷத்துப் பேரு!"

"நெனக்கட்டும்."

"நாளைக்குப் போகலாமே."

"இவ்வளவு பேருக்கு முன்னால கேட்டேன். அந்தப் பொம்பள ரெண்டு பஸ் மாறி அழுதுகொண்டு வீட்ட பெய்த்திருக்கா. ராவு அது அவட நெஞ்சுல கெடக்கக் கூடாது. ஸுஹைலுக்குச் சரக்க இன்னொரு நாளும் காட்டலாம்."

இடுப்பிலிருந்த ஸ்டோர்த் திறப்பைக் கழற்றி நுஸ்ராவிடம் நீட்டினார். "நீயே தெறந்து காட்டு. ஒண்டையும் மறைக்காத. பானயையும் எடுத்து வந்து காட்டு."

"என்னய நம்புவாரா மாமா?"

"தெரியாது. உள்ளதச் செல்லு."

ஸரீனா முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் டிலக்சனின் த்ரீவீல் வந்து நின்றபோது ஒரு சோற்றுப் பார்சலோடு வந்தாள். "அந்தப் பொம்பள கட்டி வந்த சோத்தக் கொட்டகையில விட்டுட்டுப் பெய்த்தா. இந்தச் சூட்டுக்கு அது ஊசிப் போச்சு. இது புதுசு. முட்ட அவிச்சு வச்சிருக்கேன்." கணவரின் முகத்தைப் பார்க்காமல் சேர்த்துச் சொன்னாள்: "லொறிக் கதய நான் செல்லாம இருந்திருக்கலாம்."

இரத்தோட்டைக்கு மேலே ஏறும்போது தேயிலைகூட வாடிச் சாம்பல் நிறத்தில் நின்றது. தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளுக்கு முன்னால் ஒரு குழாய், அதற்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்களின் நீண்ட வரிசை. தொப்பி போட்ட பெரியவர் த்ரீவீலிலிருந்து இறங்கியதும் பேச்செல்லாம் அடங்கியது.

"வேலம்மா அக்கா, ஒன்னத் தேடித்தான்," என்றாள் ஒருத்தி. "பொலிஸுக்குப் போறதுக்கு முந்தி மெரட்ட வந்திருக்காரு போல."

வரிசையின் நடுவில் இரண்டு குடங்களோடு நின்ற வேலம்மா அசையவில்லை.

ஹாஜியார் அவள் முன்னால் போய் நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அது நியாயமில்லை என்று அடுத்த கணம் தோன்றியது.

"வேலம்மா, நாலு பேருக்கு முன்னால உங்களச் சந்தேகப்பட்டேன். நீங்க செய்யல்ல. தண்ணி வச்சது எங்கட வீட்டுப் புள்ள, அதுவும் ரோட்டுல போறவங்க குடிக்கிறதுக்கு. தப்பு என்னோடது. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

குழாயில் தண்ணீர் நூலாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. பொலிஸ் என்று சொன்னவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வேலம்மா நிரம்பியிருந்த குடத்திலிருந்து ஒரு செம்பில் மொண்டு அவரிடம் நீட்டினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக, இரும்பு வாசத்தோடு இருந்தது. அதற்காக அவள் எத்தனை மணி நேரம் நின்றிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

பார்சலை வாங்கிக்கொண்டு த்ரீவீல் வரைக்கும் கூட வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில் நின்றாள்.

"ஒன்னு சொல்லலாமுங்களா மொதலாளி?"

"செல்லுங்க."

"செவ்வாக்கெழம மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னால நின்னு ஃபோன்ல பேசினீங்க. நான் அந்தப் பக்கம் சாக்குத் தச்சிக்கிட்டு இருந்தேன். றினோஸ் தம்பியோட கூட்டாளி போல. 'திங்கக்கெழமயிலேருந்து ரூமுக்கு வரல்லயா'ன்னு கேட்டீங்க. அப்புறம், 'என் மருமகளுக்குச் செல்ல வேணாம்'னீங்க."

ஹாஜியாரின் கை த்ரீவீல் கம்பியை இறுகப் பிடித்தது.

"காலைல நீங்க அப்படிக் கேட்டப்ப வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ஒளிக்கிறது நான் இல்ல, நீங்கதான்னு. வாசல்ல அம்மாவும் நின்னாங்க. சொல்லிட்டா அந்த வீடு என்னாகும்னு பேசாம வந்துட்டேன்." அவள் சற்று நிறுத்தினாள். "ஆனா அந்தப் புள்ள பாவங்க. நெசம் தெரியாம மனசுக்குள்ள அது தெனமும் ஒரு தடவ அந்தத் தம்பியப் பொதைக்குது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளைக்கு வருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பஸ் வந்தா வரேங்க." அவள் கண்ணில் ஒரு சின்னக் குறும்பு எட்டிப் பார்த்தது. "லொறி வந்தா ஏறலாமுங்களா?"

"ஏறுங்க," என்றார் ஹாஜியார். "அந்த டிரைவர் தம்பிக்கு என் ஸலாத்தையும் செல்லுங்க."

---

வீட்டுக்கு வரும்போது அந்தி மஃரிபுத் தொழுகைக்குச் சற்று நேரம் இருந்தது. ஸுஹைலின் வாகனம் இல்லை. ஸ்டோர்க் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஈரச் சாக்குகள் முற்றத்தில் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தன. கொட்டகைப் பெண்கள் இருவரும் வீட்டுக்குப் போகாமல் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சென்னான்?"

"முதல்ல நம்பல்ல மாமா," என்றாள் நுஸ்ரா. "'கொழும்புல எல்லாரும் எனக்குக் கத செல்றாங்க மாமி' எண்டு மாமிக்கிட்ட சிரிச்சார். பொறகு நான் பானத் தண்ணியில ஒரு கிளாஸ் குடுத்தேன். குடிச்சிட்டுக் கிளாஸ மணந்து பார்த்தார். இன்னொண்டு கேட்டார்."

"சரக்கு?"

"மறுபடி காய வைக்கட்டுமாம். அடுத்த வியாழன் வந்து பாக்கிறாராம்," என்றாள் ஸரீனா. "நீங்க எங்க எண்டு கேட்டான். வேலக்காரப் பொம்பளக்கிட்ட மன்னிப்புக் கேக்கப் பெய்த்தார் எண்டேன். 'களவு செஞ்சவன் எண்டா இண்டைக்குக் கதவுக்குக் கிட்டயே காவல் நின்டிருப்பான் மாமி' எண்டு செல்லிட்டுப் போனான்."

அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் வாய் சொன்னது. பெயர் தப்பிவிட்டது. ஆனாலும் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை. ஏனென்று அவருக்கு இப்போது தெரிந்தது.

அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தார். மடித்த சாரங்களுக்கு அடியில் கை விட்டு, சுருட்டி வைத்திருந்த டிஷ் வயரை எடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் நுஸ்ராவின் மடியில் அதை வைத்தார்.

உருகாத வயர். அவள் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதக் கொழுவ முந்தி நான் ஒண்டு செல்லோணும் மகள். செவ்வாக்கெழம றினோஸ்ட கூட்டாளி எனக்கு எடுத்தான். உன் ஃபோனுக்கு எடுத்துக் கெடைக்கல்லயாம். திங்கக்கெழம வேலைக்குப் போனவன் ரூமுக்கு வரல்லயாம்."

கதவடியில் ஸரீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நுஸ்ராவின் உதடு மட்டும் அசைந்தது. "உசிரோட இருக்காரா மாமா?"

"தெரியாது மகள்."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல்தான் மூன்று நாளாக அவர் பெட்டரியையும் வெயிலையும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. வயரை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அந்தக் கூட்டாளிட நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"எடுங்க. வெளிய போகாதீங்க மாமா. இஞ்சயே இருந்து, ஸ்பீக்கர்ல போடுங்க."

ஹாஜியார் நம்பரை அழுத்தி ஃபோனை நடு மேசையில் வைத்தார். ஸரீனா தரையிலிருந்து எழும்பி வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று தலைகள் அந்தச் சின்ன வெளிச்சத்தின் மேல் குனிந்தன.

கடலுக்கு அப்பால் எங்கேயோ மணி அடிக்கத் தொடங்கியது.